ஒரு பெயர்ச்சீட்டின் மதிப்பு

பள்ளி விடுமுறை நெருங்கும்போது வகுப்பறைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "இதில் கலந்துகொண்டால் எத்தனை மணி நேரம் கிடைக்கும்?" முதியோர் இல்லத்திற்குச் சென்றாலும் சரி, கடற்கரையைத் துப்புரவு செய்தாலும் சரி, கேள்வி மாறுவதில்லை. தொண்டூழியம் செய்த நேரம் பதிவேட்டில் ஏறுகிறது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அது உதவும் என்ற எண்ணமும் இருக்கிறது. ஆகவே, மாணவர்கள் நேரத்தைக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால், அந்தக் கேள்வியோடு நின்றுவிடுபவர்கள் பெரிய வாய்ப்பு ஒன்றை இழந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அரும்பொருளகம் ஒன்றின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும்.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் உள்ளது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அது திறக்கப்பட்டது. உள்ளே செல்பவர்களின் கண்ணில் முதலில் படுபவை மூன்று பெரிய டைனோசர் எலும்புக்கூடுகள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் தோண்டி எடுக்கப்பட்ட அவற்றுக்குப் பிரின்ஸ், அப்பலோனியா, டுவிங்கி என்று செல்லப் பெயர்களும் உண்டு. பார்வையாளர்கள் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இது அரும்பொருளகத்தின் முன்முகம். அதற்குப் பின்முகம் ஒன்றும் உண்டு. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தாவர, விலங்கு மாதிரிகள் அந்த அரும்பொருளகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அவற்றுள் சிறு பகுதியே பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சியவை ஆய்வுக்காகச் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. இத்தகைய சேமிப்பு அறைகளில் மீன்களும் நண்டுகளும் ஆல்கஹால் நிறைந்த குடுவைகளில் இருக்கும். பதப்படுத்தப்பட்ட பறவைகள் இழுப்பறைகளில் வரிசையாகக் கிடக்கும். பூச்சிகள் ஊசியில் குத்தப்பட்டுப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கும்.

உலகெங்கும் இத்தகைய அரும்பொருளகங்கள் மாணவர்களின் உதவியை நாடுகின்றன. சிலர் காட்சிக்கூடத்தில் வழிகாட்டிகளாக நிற்கிறார்கள். சிலர் பின்னறையில் வேலை செய்கிறார்கள். குடுவையில் ஆல்கஹால் குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். பழைய சீட்டில் உள்ள கையெழுத்தை வாசித்துக் கணினியில் பதிய வேண்டும். வலையில் கிடைத்த சிற்றுயிர்களை இனவாரியாகப் பிரிக்க வேண்டும். இந்த வேலைகளில் கைதட்டல் கிடைக்காது. படம் எடுத்துப் பகிரவும் பெரிதாக ஒன்றும் இராது. சில மாணவர்கள் இரண்டாம் நாளே, "இது சலிப்பான வேலை" என்று சொல்லிவிடக்கூடும்.

அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால், அந்தச் சலிப்பான வேலையின் மேல்தான் அறிவியல் நிற்கிறது.

ஒரு மாதிரியோடு இணைக்கப்படும் பெயர்ச்சீட்டை எடுத்துக்கொள்ளலாம். அதில் உயிரினத்தின் பெயர், அது கிடைத்த இடம், கிடைத்த நாள், கண்டெடுத்தவரின் பெயர் ஆகியவை இருக்கும். சீட்டு இல்லாத நண்டு வெறும் நண்டு. சீட்டு உள்ள நண்டோ ஒரு சான்று. சிங்கப்பூர் நன்னீர் நண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேராசிரியர் பீட்டர் இங் 1986ஆம் ஆண்டு அதைப் புதிய இனமாக அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். சிங்கப்பூரைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. இன்று அது அழியும் நிலையில் இருக்கிறது. எந்த ஓடையில், எந்த ஆண்டில் அது வாழ்ந்தது என்று தெரிந்தால்தான் எந்த ஓடையைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். அந்த விவரம் இருப்பது சின்னஞ்சிறு சீட்டுகளில். கவனம் சிதறிய ஒருவர் ஓடையின் பெயரைத் தவறாகப் பதிந்துவிட்டால், பல ஆண்டுகளுக்குப் பிறகு வரும் ஆய்வாளர் தவறான இடத்தில் தேடுவார். பின்னறையில் அமர்ந்திருக்கும் மாணவரின் கையில் இவ்வளவு பொறுப்பு இருக்கிறது.

இந்த மாதிரிகள் இன்றுவரை பிழைத்திருப்பதே ஒரு கதை. அவற்றுள் பல, பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தைச் சேர்ந்தவை. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அதற்கான கட்டடம் 1887ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இன்று அதுவே தேசிய அரும்பொருளகம். 1970களின் தொடக்கத்தில் அந்த இடம் வரலாற்றிலும் கலையிலும் கவனம் செலுத்தத் தொடங்கியது. உயிரின மாதிரிகளுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. தலைமுறைகள் கண்டு வியந்த திமிங்கல எலும்புக்கூடு 1974ஆம் ஆண்டு மலேசியாவுக்கு வழங்கப்பட்டது. மற்ற விலங்கு மாதிரிகள் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தன. நிலையான இடமின்றி அவை பல ஆண்டுகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. 1987ஆம் ஆண்டு கெண்ட் ரிட்ஜ் வந்து சேர்ந்தன. அந்த ஆண்டுகளில் அவற்றைப் பார்க்கக் கூட்டம் வரவில்லை. ஆயினும், குடுவைகளைத் திறந்து பார்த்து, ஆல்கஹால் ஊற்றி, சீட்டுகளைச் சரிபார்த்த சிலர் இருந்தார்கள். அவர்கள் அன்று அலுத்துப்போயிருந்தால் இன்று காட்சிக்கு வைக்கப் பழைய மாதிரிகள் இருந்திரா.

அந்த உழைப்பின் பயன் பின்னர் தெரிந்தது. 2009ஆம் ஆண்டு மே மாதம், அனைத்துலக அரும்பொருளக நாளையொட்டி, பல்கலைக்கழகத்தில் இருந்த சிறிய காட்சிக்கூடத்தைக் காண ஒரே நாளில் 3,000க்கும் மேற்பட்டோர் திரண்டு வந்தார்கள். சிங்கப்பூருக்குத் தனி இயற்கை வரலாற்று அரும்பொருளகம் வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுத்தது. நன்கொடைகள் வந்தன. லீ அறக்கட்டளை மட்டும் 25 மில்லியன் வெள்ளி வழங்கியது. கட்டடத்தைப் பணம் எழுப்பியது. ஆனால், கட்டடத்தில் வைக்கத் தகுந்த செல்வத்தைக் காத்துத் தந்தவை பொறுமையான கைகளே.

புதிய அரும்பொருளகம் திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2015ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஜூரோங் தீவின் அருகே ஒரு ஸ்பெர்ம் திமிங்கலம் இறந்து மிதந்தது. 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் திமிங்கலம் அது. சிங்கப்பூர்க் கடற்பகுதியில் அந்த இனம் பதிவு செய்யப்பட்டது அதுவே முதன்முறை. அரும்பொருளக ஊழியர்கள் அழுகிய சதையை வெட்டி அகற்றி, எலும்புகளைத் துப்புரவு செய்து, எலும்புக்கூட்டை மறுஆண்டு காட்சிக்கு வைத்தார்கள். நாட்டின் பொன்விழா ஆண்டை நினைவூட்டும் வகையில் அதற்கு 'ஜுபி லீ' என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் வயிற்றுப் பகுதியை ஆராய்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணவாய் அலகுகள் கிடைத்தன. அந்தத் திமிங்கலம் எதைத் தின்று வாழ்ந்தது என்பதை அவை காட்டின. கூடவே பிளாஸ்டிக் பொருள்களும் கிடைத்தன. கடலில் என்ன சேர்ந்துகொண்டிருக்கிறது என்பதை அவை காட்டின.

அலகுகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவது அழகான வேலையில்லை. எண்ணாமல் விட்டிருந்தால் உண்மை வெளிவந்திருக்காது. இதே பாடத்தைக் கடற்கரைத் துப்புரவுப் பணியிலும் காணலாம். அனைத்துலகக் கடலோரத் துப்புரவு இயக்கம் சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. பல்கலைக்கழக அரும்பொருளகத்தோடு தொடர்புடைய 'டாடிகேட்ஸ்' தொண்டூழியர் குழுவுக்கும் அதில் பங்குண்டு. வீடுகளின் கூரைகளில்கூட நடமாடும் மரநாயின் ஆங்கிலப் பெயரையே அந்தக் குழு தன் பெயராக்கிக்கொண்டது. துப்புரவில் கலந்துகொள்பவர்கள் குப்பையைப் பொறுக்குவதோடு நிற்பதில்லை. பை எத்தனை, உறிஞ்சுகுழல் எத்தனை, போத்தல் எத்தனை என்று வகைவாரியாக எண்ணிக் குறிக்கிறார்கள். பொறுக்கிய கடற்கரை சில நாள்களில் மீண்டும் அழுக்காகலாம். எண்ணிக்கை அழிவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "இவ்வளவு முக்கியமான வேலைக்கு ஏன் சம்பளம் இல்லை? விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து குடும்பத்துக்கு உதவும் மாணவர்கள் என்ன செய்வார்கள்?" நியாயமான கேள்வி. தொண்டூழியம் செய்வதற்கும் வசதி வேண்டியிருக்கிறது. ஓய்வு நேரம் உள்ளவர்களுக்கே அரும்பொருளகத்தின் கதவு திறக்கும் என்றால், அறிவியல் ஆர்வமுள்ள பல மாணவர்கள் வெளியிலேயே நின்றுவிடுவார்கள்.

இதற்கு அலியின் வாழ்க்கை ஒரு விடை சொல்கிறது. இயற்கையியல் அறிஞர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து, புக்கிட் தீமாக் காட்டில் வண்டுகளைச் சேகரித்தார். மறுஆண்டு சரவாக்கில் அலி என்ற மலாய் இளைஞரைச் சமையல் வேலைக்கு அமர்த்தினார். அலிக்கு அப்போது ஏறத்தாழ 15 வயது. இன்றைய உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் வயதுதான். அலி விரைவில் பறவைகளைச் சுடவும், தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்றுக்கொண்டார். 1858ஆம் ஆண்டு பாச்சான் தீவில் அதுவரை அறிவியல் அறியாத ஒரு சொர்க்கப் பறவையைக் கொண்டு வந்தவர் அவரே. அந்தப் பறவை இன்று வாலஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அலி சம்பளத்துக்கு வேலை செய்தவர். சம்பளம் வாங்கியதால் அவருடைய கவனம் குறையவில்லை, கற்பதும் நிற்கவில்லை.

ஆகவே, தொண்டூழியம் உயர்ந்தது, சம்பள வேலை தாழ்ந்தது என்று நினைப்பது தவறு. அரும்பொருளகங்களுக்கு இரண்டு கதவுகளும் தேவை. ஆர்வத்தோடு சில மணி நேரம் தர வருபவர்களுக்குத் தொண்டூழியம் பொருத்தம். குறித்த நேரத்தில் வந்து குறித்த பொறுப்பை ஏற்க வேண்டிய வேலைக்குப் பகுதிநேரச் சம்பளமோ பயிற்சி ஊதியமோ தருவதே முறை. ஊழியர் செய்ய வேண்டிய வேலையை இலவசமாக முடித்துக்கொள்ளத் தொண்டூழியரைப் பயன்படுத்தக்கூடாது. மாணவர்களும் சேரும் முன்பே வேலை என்ன, நேரம் எவ்வளவு, வயது வரம்பு என்ன, ஊதியம் உண்டா என்று தயங்காமல் கேட்க வேண்டும். அது பேராசை ஆகாது, பொறுப்புணர்வே ஆகும்.

"உயிரியல் படிக்காதவர்களுக்கு அங்கே என்ன வேலை?" என்றும் சிலர் கேட்பார்கள். வரையத் தெரிந்தவர், கணினியில் தரவுகளை ஒழுங்குபடுத்தத் தெரிந்தவர், கதை சொல்லத் தெரிந்தவர் என எல்லாருக்கும் அங்கே இடமுண்டு. தமிழ் பேசத் தெரிந்தவருக்கும் இடமுண்டு. பேரக்குழந்தையோடு வரும் பாட்டிக்கு ஆங்கில விளக்கப் பலகை புரியாமல் போகலாம். "பாட்டி, இதன் வயிற்றில் கணவாய் அலகு மட்டுமில்லை, பிளாஸ்டிக்கும் இருந்தது" என்று ஒரு மாணவி தமிழில் சொன்னால், அந்த எலும்புக்கூடு பாட்டிக்கும் பேசத் தொடங்கும். அந்த மாணவி சந்தையில் மீன் வாங்கும் பாட்டியிடமிருந்து மீன்களின் தமிழ்ப் பெயர்களையும் கற்றுக்கொள்வாள். வகுப்பில் படித்த மொழிக்கு அங்கே ஒரு வேலை கிடைத்துவிடும்.

தேர்வும் வீட்டுப்பாடமும் இருக்கும்போது எல்லாவற்றிலும் சேர முடியாது. பத்து இடங்களில் ஒவ்வொரு நாள் தலைகாட்டுவதைவிட ஓர் இடத்தில் பத்து முறை செல்வது மேல். முதல்முறை செல்பவருக்குக் குடுவைகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். பத்தாம் முறை செல்பவருக்கு எந்தச் சீட்டில் மை மங்குகிறது என்று தெரிந்திருக்கும். பார்வை கூர்மையாவது அப்படித்தான். அந்தக் கூர்மையை எந்தச் சான்றிதழிலும் எண்ணால் குறிக்க இயலாது.

விடுமுறைக்கு முன் மாணவர்கள் நேரத்தைப் பற்றிக் கேட்கட்டும். அதில் தவறில்லை. ஆனால், அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கட்டும்: "நான் வந்து போன பிறகு, இங்கே எது முன்பைவிட ஒழுங்காக இருக்கும்?" ஒரு குடுவை நிரம்பியிருக்கலாம். ஒரு சீட்டு பிழையின்றிப் பதிவாகியிருக்கலாம். அதை எழுதியவரின் பெயரைப் பார்வையாளர்கள் அறியமாட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஓர் ஓடையைக் காக்க நினைக்கும் ஒருவர் அந்தச் சீட்டை எடுத்துப் படிப்பார். அவர் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வார்.