அரசு வக்கீல் யாருடைய வக்கீல்?

கொலை வழக்கு நடக்கிறது. கூண்டில் நிற்பவருக்கு ஒரு வக்கீல் இருக்கிறார். அவரிடம் பணம் இல்லை என்றால், இலவசமாகவே ஒரு வக்கீல் வைத்துக் கொடுக்கப்படுவார். ஆனால், செத்துப் போனவருக்காகப் பேசுவது யார்?

அவர்தான் அரசு வக்கீல். "பப்ளிக் பிராசிகியூட்டர்" என்பது அவருடைய பதவியின் பெயர். "பப்ளிக்" என்றால் பொதுமக்கள். ஒருவரைக் கொலை செய்வது, அவருடைய குடும்பத்துக்கு மட்டும் செய்த குற்றம் அல்ல. ஊருக்கே செய்த குற்றம் என்கிறது சட்டம். அதனால் ஊர் சார்பில் அரசே வழக்கை நடத்துகிறது. செத்தவரின் வீட்டார் அரசு வக்கீலுக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியது இல்லை.

இந்த வேலை எவ்வளவு பெரியது என்பதைக் கடலூர் மாவட்டத்தில் நடந்த ஒரு வழக்கு காட்டுகிறது.

18 ஆண்டு வழக்கு

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு வாலிபரும் ஒரு பெண்ணும் காதலித்தார்கள். இருவரும் விருத்தாசலம் அருகே உள்ள புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்தவர்கள். வாலிபர் ஆதிதிராவிடர். பெண் வேறு சாதி. 2003-ம் ஆண்டு மே மாதம் யாருக்கும் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்து கொண்டார்கள்.

ஜூலை மாதம் பெண் வீட்டாருக்கு விஷயம் தெரிந்து விட்டது. இருவரையும் பிடித்துக் கொண்டு வந்தார்கள். விஷம் கொடுத்துக் கொன்றார்கள். உடல்களையும் எரித்து விட்டார்கள்.

போலீசார் உடனே வழக்குப் பதிவு செய்யவில்லை. சில நாள் கழித்துப் பதிவு செய்தபோது, கொலையுண்ட வாலிபரின் உறவினர்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்து விட்டார்கள்! மகனைப் பறிகொடுத்த குடும்பமே கூண்டில் நிற்க வேண்டிய நிலை.

சென்னை ஐகோர்ட்டு தலையிட்டது. 2004-ல் வழக்கு சி.பி.ஐ. போலீசார் கைக்குப் போனது. கடலூர் தனிக்கோர்ட்டில் விசாரணை நடந்தது. 15 பேர் மீது வழக்கு. அவர்களில் 2 பேர் போலீஸ் அதிகாரிகள்.

சாட்சிகளில் பலர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். ஒரே ஊரில் வாழ்கிறவர்களுக்குப் பயம் இருக்கும், சொந்தபந்தம் இருக்கும். இப்படிச் சாட்சி மாறினால், கோர்ட்டின் அனுமதி பெற்று அரசு வக்கீல் அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். சாட்சி சொன்னதில் எது உண்மை, எது பொய் என்று பிரித்துக் காட்டுவது அவருடைய வேலை.

2021-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந்தேதி தீர்ப்பு வந்தது. பெண்ணின் அண்ணனுக்கு மரண தண்டனை. போலீஸ் அதிகாரிகள் 2 பேர் உள்பட 12 பேருக்கு ஆயுள் தண்டனை. 2 பேர் விடுதலை. மரண தண்டனையை 2022-ல் ஐகோர்ட்டு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 28-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அப்பீல்களைத் தள்ளுபடி செய்தது. வாலிபரின் பெற்றோருக்கு ரூ.5 லட்சம் நஷ்டஈடு தரும்படியும் உத்தரவிட்டது.

கொலை நடந்தது 2003-ல். முதல் தீர்ப்பு 2021-ல். நடுவே 18 ஆண்டுகள் ஓடி விட்டன.

போலீசாரே கூண்டில் நின்றால்?

வழக்கமாக, போலீசார் திரட்டிக் கொடுக்கும் ஆதாரத்தை வைத்துத்தான் அரசு வக்கீல் வாதாடுகிறார். போலீசாரே குற்றவாளியாக நின்றால் அவர் என்ன செய்வார்?

சட்டம் சொல்லும் பதில் இதுதான்: அரசு வக்கீல் போலீசாரின் வக்கீல் அல்ல. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அவருடைய வேலை அல்ல. குற்றம் செய்யாதவர் கூண்டில் நிற்கிறார் என்று தெரிந்தால் அதைக் கோர்ட்டுக்குக் காட்ட வேண்டும். அதிகாரியே குற்றம் செய்திருந்தால் அதையும் மறைக்கக் கூடாது.

முற்காலத்தில் இந்த நிலை இல்லை. மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுகளில் போலீஸ் அதிகாரிகளே வழக்கு நடத்தினார்கள். 1973-ம் ஆண்டின் சட்டம் அதை மாற்றியது. வழக்கு நடத்தும் இலாகா போலீஸ் இலாகாவின் கீழ் இருக்கக் கூடாது என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. இங்கிலாந்தில்கூடப் பெரும்பாலான வழக்குகளைப் போலீசாரே நடத்தி வந்தார்கள். 1986-ல்தான் அதற்குத் தனி இலாகா வந்தது.

நியமிப்பது யார்?

செசன்சு கோர்ட்டு அரசு வக்கீலாக வருவதற்கு, குறைந்தது 7 ஆண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். மாவட்ட நீதிபதியைக் கலந்துகொண்டு கலெக்டர் ஒரு பட்டியல் தயாரிப்பார். அதிலிருந்து மாநில அரசு நியமிக்கும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆட்சி மாறினால் அரசு வக்கீல்களும் மாறுவது வழக்கமாகி விட்டது. கட்சிக்காரர் என்பதற்காகப் பதவி கொடுத்தால், நஷ்டம் அடைவது யார்? கோர்ட்டு வாசலில் காத்து நிற்கும் ஏழைதான். அவர் விரும்பிய வக்கீலை அவரால் தேர்ந்தெடுக்க முடியாது. அரசு யாரை அனுப்புகிறதோ, அவரைத்தான் நம்பி இருக்க வேண்டும். பஞ்சாப் வழக்கு ஒன்றில், அரசு வக்கீல் நியமனம் தகுதி பார்த்து நேர்மையாக நடக்க வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

குடும்பத்தாருக்கு உள்ள உரிமைகள்

பாதிக்கப்பட்ட குடும்பத்தார் கைகட்டி நிற்க வேண்டியது இல்லை. அவர்களுக்குச் சில உரிமைகள் உண்டு.

கோர்ட்டின் அனுமதியோடு, அரசு வக்கீலுக்கு உதவியாகச் சொந்த வக்கீல் வைத்துக் கொள்ளலாம்.

குற்றவாளி விடுதலை ஆனால், 2009-ம் ஆண்டு முடிவில் வந்த திருத்தத்தின்படி அவர்களே அப்பீல் செய்யலாம்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மீது நடந்த வன்கொடுமை வழக்கில், தேர்ந்த மூத்த வக்கீலை நியமிக்கும்படி கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம். அவருக்கு உரிய கட்டணத்தை அரசு கொடுக்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இன்னொரு பாதுகாப்பும் தருகிறது. அரசு வக்கீல் ஒரு வழக்கை வாபஸ் வாங்க விரும்பினால், பாதிக்கப்பட்டவரின் சொல்லைக் கேட்காமல் கோர்ட்டு அதற்குச் சம்மதம் தரக்கூடாது.

அரசுகள் வரும், போகும். அரசு வக்கீலும் மாறுவார். ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், அவருக்குக் கட்சிக்காரர் ஒருவர்தான். தன் நியாயத்தைத் தானே வந்து சொல்ல முடியாமல் போனவரே அவர்.