உள்ளங்கைக் குட்டியும் ஒரு விரல் தேனும்

ஆட்டுப்பட்டியின் முள்படலோரம் சுருண்டு கிடந்து, பண்ணையத்து வீட்டில் மிஞ்சிய கம்பஞ்சோற்றை ஒரு வேளை தின்று, மறுவேளை கிடைக்காவிட்டாலும் முகம் வாடாமல் விடியவிடியக் குரைத்துக் காவல் காத்த நாய்களையே தலைமுறை தலைமுறையாகக் கண்டு பழகியது நம் கொங்கு நாடு. ஆகையால், நாய் பசி தாங்கும் என்ற அபிப்பிராயம் எவரும் போதிக்காமலே நம் மனத்தில் வேரூன்றிவிட்டது. அதே அபிப்பிராயத்தைச் சுமந்துகொண்டு இன்று கோயமுத்தூரின் அடுக்குமாடி வீடுகளில் சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், பொமரேனியன் முதலான பொம்மை ஜாதிக் குட்டிகளை வளர்க்கத் துணிகிறோம். இரவில் துள்ளிய குட்டி விடியற்காலையில் துவண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்ற ஆடியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இரவெல்லாம் ஜன்னலை அறைந்துகொண்டிருந்த ஒரு நாளின் விடியலில், வடவள்ளியில் என் பக்கத்து வீட்டு அம்மாள் துண்டில் சுருட்டிய ஏதோ ஒன்றை மார்போடணைத்து ஓடிவந்தார். முதல் நாள் மாலை ஒரு கடையில் வாங்கிய சிவாவா குட்டி; அரைக் கிலோ தேறாது. கண் திறந்திருந்தும் பார்வை இல்லை, ஈறு வெளுத்திருந்தது, காதைத் தொட்டால் மண்பானைக் குளிர்ச்சி. தொலைபேசியில் அகப்பட்ட கால்நடை வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்பங்க சாப்புட்டுது?"

"ராத்திரி எட்டு மணிக்குங்க சார். புது எடம்னு சரியாவே திங்கலைங்க."

"தேன் இருந்தா விரல்ல தொட்டு ஈறுல தேய்ங்க. வாய்க்குள்ள ஊத்தீறாதீங்க, புரையேறிரும். நல்லாப் போத்தி உடனே கொண்டாந்துருங்க."

லாலி ரோடு சந்திப்பை ஆட்டோ எட்டுமுன் சிறு நாக்கு அசைந்து தேனைத் துழாவியது. அந்த அம்மாள் அழத் தொடங்கியது அப்போதுதான்.

உண்ட உணவின் சர்க்கரையில் ஒரு பங்கைக் கல்லீரல் கிளைகோஜனாகச் சேமித்து வைத்து, வயிறு காலியான வேளையில் அதை மீண்டும் சர்க்கரையாக்கி இரத்தத்துக்கு வழங்குகிறது. 1857இல் கிளைகோஜனைப் பிரித்தெடுத்துக் காட்டிய பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார் இந்த ரகசியத்தை நெருங்கியதும், 1921இல் டொரான்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டடைந்ததும் நாய்களைக் கொண்டு நடத்திய சோதனைகளால்தான். சர்க்கரையைப் பற்றிய நம் ஞானத்தில் பெரும்பகுதி அந்த வாயில்லா ஜீவன்கள் உயிர் கொடுத்து ஈட்டித் தந்தது. பொம்மை ஜாதிக் குட்டிக்கோ சேமிப்புக் கிடங்காகிய கல்லீரலும் சிறிது, சதையும் சொற்பம். மூளையோ உடலளவுக்கு மிஞ்சிப் பெரிது, சர்க்கரை கேட்டுக்கொண்டே இருப்பது. உடல் சிறுத்திருப்பதால் உஷ்ணமும் விரைவில் கழிகிறது. குளிர், பயணம், வயிற்றுப்போக்கு, குடற்புழு, தாயைப் பிரிந்த கலக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் சில மணி நேரப் பட்டினியே போதும். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும். முதலில் சோர்வு, பிறகு தள்ளாட்டம், நடுக்கம், கடைசியில் வலிப்பு.

மூன்று, நான்கு மாதம் நிரம்பும் வரை மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ ஒரு தரம் தீனி வைப்பதும், படுக்கப் போகுமுன் ஒரு வாயும் விடிந்ததும் ஒரு வாயும் தருவதும், காற்றுப் படாத மூலையில் படுக்கை போடுவதுமே இதற்கு ரக்ஷை. தேன் தற்காலிக உபாயம் மட்டுமே. குட்டி தெளிந்து எழுந்தவுடன் உணவு வேண்டும், வைத்தியரும் வேண்டும். பயந்துபோய் நாளெல்லாம் இனிப்பை ஊட்டுவதும் தவறு: ஏறிய சர்க்கரையை இன்சுலின் மீண்டும் இறக்கிவிடும். தாத்தாவின் மேஜையிலிருக்கும் சர்க்கரையில்லா மிட்டாயை மறந்தும் கொடுத்துவிடாதீர்கள். சைலிட்டால் என்னும் பொருள் அதில் கலந்திருந்தால் நாயின் உடலில் இன்சுலினைப் பெருக்கி, உள்ள சர்க்கரையையும் வற்றச் செய்துவிடும். நமக்குச் சாதுவான அது நாய்க்கு விஷம்.

இவ்வளவும் வளர்ப்போர் கடமை. எனினும், என் கோபமெல்லாம் விற்பவர்மீதும், சிறுமையையே அழகென்று கேட்டு வாங்கும் நம்மீதும்தான். பக்கத்து வீட்டுக் குட்டிக்கு வயது அறுபது நாள் என்று கடைக்காரர் சாதித்திருந்தார். வைத்தியரோ அதன் வாயைப் பிளந்து, கடைவாய்ப் பால்பற்கள் இன்னும் ஈறைக் கீறி வெளிவராததைக் காட்டி, ஐந்து வாரத்துக்கு மேலிராது என்றார். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாதென்று மத்திய அரசு 2017இல் வகுத்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் திட்டமாகச் சொல்கின்றன. ஆனால் வளர்ந்த குட்டியை 'டீ கப்' என்று சொல்லி விற்க முடியாதே! எவ்வளவு சிறிதோ அவ்வளவு விலை என்று நாம் கொடுக்கும் பணம்தான் முலைப்பால் மறக்காத சிசுவைக் கூடையில் ஏற்றி அனுப்புகிறது.

ஆதலால், வாங்கியே தீருவதென்றிருப்போர், விலை பேசுமுன் வைத்தியர் ஒருவரைக் கொண்டு குட்டியின் பல்லைப் பார்க்கச் செய்யுங்கள். இதுவரை என்ன தீனி, எத்தனை வேளை என்று எழுதி வாங்குங்கள். உங்கள் கண்ணெதிரே அது தானாக ஒரு கிண்ணம் தின்று முடிக்கட்டும். தின்னாவிட்டால், பணத்தை எடுக்காமல் வீடு திரும்புங்கள்.