கடலுக்குள் களை: பிடுங்குகிறவருக்குக் கூலி யார் கொடுப்பது?

கரீபியன் கடலில் சுழியோடிகள் சிறு ஈட்டியுடன் இறங்கிச் சிங்கமீனைக் குத்தி எடுக்கும் காணொளிகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. வரிவரியான உடல், விசிறி போன்ற செட்டை, நச்சு முள். திருகோணமலை, ஹிக்கடுவைப் பக்கத்து முருகைக்கற்பாறைகளில் அது காலங்காலமாக வாழும் மீன். இங்கே அதனால் யாருக்கும் தொல்லை இல்லை. புளோரிடாக் கரையில் அது முதன்முதலில் 1985இல் காணப்பட்டது. கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்தவர்கள் கடலில் விட்டிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலானோரின் கருத்து. பிறகு பஹாமாஸ், கியூபா, மெக்சிக்கோ என்று போய் இன்று பிரேசில் வரை பரவிவிட்டது. ஒரு பெண்மீன் ஆண்டுக்கு 20 இலட்சம் முட்டைகள் வரை இடும். அந்தக் கடலில் அதைத் தின்று கட்டுப்படுத்த எதுவும் இல்லாததால்தான் மனிதன் ஈட்டியோடு இறங்க வேண்டியதாயிற்று.

அந்த வேலை வீண் இல்லை. பஹாமாஸில் நடந்த ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. சிங்கமீனை அடியோடு ஒழிக்கத் தேவையில்லை. குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கீழே அடக்கி வைத்தாலே அந்தப் பாறைகளில் உள்ளூர் மீன்களின் நிறை 50 முதல் 70 வீதம் வரை கூடியது என்று அது காட்டியது. ஆனால் ‘அடக்கி வைத்தால்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரண சுழியோடி 40 மீற்றருக்குக் கீழே போவதில்லை. மீன் அதற்குக் கீழேயும் இருக்கிறது. மேலே பிடிக்கப் பிடிக்கக் கீழிருந்து வரும். இன்று குத்தினால் அடுத்த மாதமும் குத்த வேண்டும்.

ஹட்டனில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். கடல் தெரியாது, இந்த வேலை தெரியும். இதற்கு எங்கள் தோட்டங்களில் ‘புல்லுவெட்டு’ என்று பெயர். தேயிலை மலையில் புல் ஒருபோதும் முடிவதில்லை. 2015இல் கிளைபோசேட் களைகொல்லி தடை செய்யப்பட்டபோது, கையால் புல் வெட்ட ஆள் போதாமல் பல மலைகள் காடாகின. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அதை மீண்டும் அனுமதித்தார்கள். கடலுக்கு அப்படி ஒரு மருந்து கிடையாது, கைதான். ஹோர்ட்டன் சமவெளியில் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த கோர்ஸ் என்ற முட்செடியை வனசீவராசிகள் திணைக்களமும் தொண்டர்களும் இன்னும் பிடுங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கொண்டுவந்தவர்கள் போய் எத்தனை காலம்!

வெளியிலிருந்து வந்ததெல்லாம் கேடு என்று நான் சொல்லவில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு ‘அந்நியர்’ ஆக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவனுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கை கூசும். ஆபிரிக்க மீனான திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்தது. இன்று அது இந்த நாட்டு ஏழைகளின் மீன். ஆனால் குருநாகல் பக்கத்துத் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் பெருகிய வெளிநாட்டு விரால் இனத்தைப் பிடிக்க 2025இல் தூண்டில் போட்டி வரை வைத்தார்கள். அதுவும் அலங்கார மீனாக வந்ததாகவே கருதப்படுகிறது. எது திலாப்பியா ஆகும், எது தலைவலி ஆகும் என்பது விடும் நாளில் தெரிவதில்லை.

இதையெல்லாம் எழுத வைத்தது வடக்குக் கடற்கரை. 1977 வன்செயலுக்குப் பிறகு எங்கள் உறவுகளில் ஒரு பகுதியினர் கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். அப்படிப் போன ஆட்கள் இல்லாத லயம் மலையகத்தில் குறைவு. 2009 வரை நடந்த எல்லாவற்றையும் அங்கேயே பட்டார்கள். அவர்களில் அக்கா முறையான ஒருவர் இப்போது பூநகரிக் கரையில் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியைக் கயிற்றில் கட்டி வளர்க்கிறார். 45 நாளில் அறுவடை. வள்ளம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், இடுப்பளவு தண்ணீர் போதும். கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு இது சின்ன விடயம் இல்லை. யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளிலும் இதை வாழ்வாதாரத் திட்டமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்கும் கராஜீனன் என்ற பொருளுக்காகவே உலகம் இந்தப் பாசியை வாங்குகிறது.

எதிர்க்கரையில் இதே பாசிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசியான இதை 1980களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1990களில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 2000க்குப் பிறகு பெப்சிகோ நிறுவனம் வணிக அளவில் இறங்கியது. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏராளமான மீனவப் பெண்களுக்கு அதனால் வருமானம் கிடைத்தது உண்மை. 2008இல் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவுக்குள், குருசடைத் தீவின் உயிருள்ள முருகைக்கற்கள் மேல் அது போர்வைபோல மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். போர்த்தினால் வெளிச்சம் போகாது. கீழே இருப்பது சாகும். பாதிப்பைப் பெரிதுபடுத்துகிறார்கள், பரவிய இடம் சிறிதுதான் என்று வாதிடும் விஞ்ஞானிகளும் உண்டு. அது சிறிதாகவே இருக்கட்டும். வனத்துறையின் ஆட்கள் தண்ணீருக்குள் மூழ்கிக் கையால் அதைப் பிய்த்து எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தாலும் திரும்ப வளரும். அந்தச் செலவு அரசாங்கத்தின் கணக்கில் போனது. பெப்சிகோ அதற்குள் இந்தத் தொழிலை வேறு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு விலகிவிட்டது.

ஹவாயின் கனியோஹே குடாவில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. அங்கே 1970களில் இந்தப் பாசியைப் பரிசோதனைக்காக வைத்தார்கள். 1980களில் பார்த்தவர்கள், இது தூரம் போகவில்லை என்று நிம்மதியாக இருந்தார்கள். 1990களின் முடிவில் அது குடாவின் பல பாறைகளில் ஏறியிருந்தது. பிறகு சுழியோடிகள் பாசியைப் பிடுங்கித் தடித்த குழாய்க்குள் திணிக்க, மேலே மிதக்கும் தெப்பத்தில் இருந்த இயந்திரம் உறிஞ்சி எடுத்தது. மிச்சம் வளர்வதைத் தின்னக் கடல் முள்ளெலிகளை வளர்த்து விட்டார்கள். பிடுங்கிய பாசி விவசாயிகளுக்கு உரமாகப் போனது. பலன் கிடைத்தது. ஆனால் அமெரிக்காவின் ஒரு மாநிலத்துக்கு இருக்கிற பணமும் சுழியோடிகளும் பூநகரிக்கு வருமா?

கடற்பாசியை நிறுத்து என்று அக்காவிடம் சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. நிறுத்தினால் அந்தக் குடும்பத்துக்கு மாற்று வழியை நான் காட்ட வேண்டும். கேட்க வேண்டியவர்கள் அனுமதி கொடுக்கும் அதிகாரிகள். வங்காலை, சிலாவத்துறைப் பாறைகளை ஆண்டுக்கு ஒரு தரமாவது இறங்கிப் பார்க்க ஆள் இருக்கிறதா? வேலியைத் தாண்டி ஒரு கொத்து வேரூன்றினால் அதே மாதம் பிடுங்கி விடலாம். பத்து ஆண்டு கழித்தால் ஹவாய்க் கதைதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானத் துறை இருக்கிறது. சங்கும் கடலட்டையும் எடுக்க மூழ்கிப் பழகிய இளைஞர்கள் கரையெங்கும் இருக்கிறார்கள். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு தொன்னிலும் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் அவர்களுக்குக் கூலி கொடுக்கலாம். அந்தப் பங்கு பெண்களுக்குக் கொடுக்கும் கிலோ விலையிலிருந்து வெட்டப்படக் கூடாது. தோட்டத்தில் எந்தச் செலவு வந்தாலும் கடைசியில் கொழுந்துக் கூடையில் கைவைப்பார்கள். அந்தப் பழக்கம் எங்களுக்குத் தெரியும்.

அலை அடிக்கும்போது கயிற்றிலிருந்து உடைந்து போகும் துண்டுகளை என்ன செய்கிறீர்கள் என்று போன மாதம் அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன். அது தண்ணீரோடு போகும், யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, பொறுக்கிக் கரைக்குக் கொண்டுவந்தால் அதையும் நிறுத்துக் கிலோவில் சேர்ப்பார்களா என்று கேட்டார்.