விழாவோடு முடிந்துவிடலாமா?

மரம் நடு விழா என்றால் நமக்குக் கொண்டாட்டந்தான். கன்று நடுகிறோம், கைதட்டுகிறோம், கலைந்து போகிறோம். கோடையில் அதற்கு ஒரு குடம் நீர் ஊற்றியவர் நம்முள் எத்தனை பேர்?

சேர்வராயன் மலைநீரைத் தேக்கும் கன்னங்குறிச்சி மூக்கனேரி, சுமார் 58 ஏக்கர் பரப்புடையது. தூர்ந்து, குப்பை சேர்ந்து கிடந்த அதனை, 2010-ஆம் ஆண்டில் சேலம் மக்கள் குழுவினர் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு சீர்செய்ய முற்பட்டனர். அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்தனர். அது கரையாதிருக்க மரக்கன்றுகள் நட்டு, பேணி வளர்த்தனர். நீர் தேங்கியது, பறவைகள் வந்தன.

ஆனால், அதே மலையில் தோன்றி, சேலம் நகரின் ஊடே ஓடி, நாமக்கல் மாவட்டம் கடந்து காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாற்றின் நிலை என்ன? சாக்கடையும் சாயக்கழிவும் அதில் கலக்கின்றன. நகரம் கழித்ததைக் கீழேயுள்ள உழவர் வயலுக்குப் பாய்ச்ச நேர்கிறது. ஏரியைச் சீர்செய்ய ஒரு குழு போதும். ஒவ்வொரு தெருவின் அழுக்கையும் சுமக்கும் ஆற்றைக் காக்க அது போதாது. அழுக்கை அனுப்புவோர் நாமல்லவா?

மாணவ நண்பர்களே! அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமை ஆற்றங்கரையில் அமைப்போம். எங்கெங்கே கழிவு கலக்கிறதென்று நடந்து கண்டு, எழுதி, ஆட்சியரிடம் அளிப்போம். அடுத்த ஆண்டும் அதே கரைக்குச் செல்வோம். தொடர்ந்து செய்வதே தொண்டு!