நோவும் காதூசியும்

சத்திரசிகிச்சை முடிந்து கட்டிலிற் கிடக்கும் ஒருவரைப் பார்க்கச் செல்வோர் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் மொழி ஒன்றுண்டு. "எல்லாம் நல்லபடியாய் முடிந்துவிட்டது, இனிக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்பர். சொல்பவர் அன்பினாலேயே சொல்கிறார். கேட்பவருக்கோ அப்பொழுதுதான் துன்பம் ஆரம்பமாகிறது. மயக்கம் தெளிந்து, தையலிட்ட இடம் நோகத் தொடங்கி, இருமவும் திரும்பிப் படுக்கவும் அஞ்சிக் கிடக்கும் அந்த முதல் இரண்டு மூன்று நாட்களைப் பற்றி நம்மவர் அதிகம் பேசுவதில்லை. நோவைப் பொறுப்பது நற்பண்பு என்றும், அதனை வாய்விட்டுச் சொல்வது பலவீனம் என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது.

வைத்திய சாத்திரம் இவ்வெண்ணத்தை ஏற்பதில்லை. நெஞ்சிலோ வயிற்றிலோ சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர் நோவுக்கு அஞ்சி ஆழமாக மூச்செடாமலும் இருமாமலும் இருப்பாராயின், சளி தேங்கி நியூமோனியா காணலாம். முழங்கால் மூட்டு மாற்றப்பட்டவர் எழுந்து நடவாதிருந்தால் காலின் நாளங்களில் இரத்தம் உறையலாம், மூட்டும் இறுகிவிடலாம். ஆகவே நோவைத் தணிப்பது சிகிச்சையின் ஒரு பகுதியேயன்றி நோயாளருக்குக் காட்டும் சலுகையன்று. அதற்குப் பரசிற்றமோல், இபுபுரோபன், நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி, மோர்பீன் முதலிய மருந்துகள் இருக்கின்றன. இவற்றுள் வலிமை மிக்கது மோர்பீன். ஆயினும் அது குமட்டலையும் மலச்சிக்கலையும் உடன் கொண்டுவரும். அளவு மிஞ்சினால் மூச்சையே மந்தப்படுத்தும். எனவே மோர்பீனின் தேவையைக் குறைக்கக்கூடிய எதுவாயினும் அது விசாரணைக்கு உரியதே. அவ்வாறு விசாரிக்கப்பட்டவற்றுள் ஒன்று, காது மடலில் நுண்ணிய ஊசிகளைக் குத்திவைக்கும் காது அக்குபங்சர் முறை.

இதனைப் பற்றிப் பேச்செடுத்தாற் போதும், நம் படித்த வட்டாரம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு சாரார், "பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடைய கீழைத்தேய ஞானம்" என்று கைகூப்புவர். காதுகுத்துச் சடங்கையும் தோப்புக்கரணத்தையும் சாட்சிக்கு அழைப்பர். மறுசாரார், "காதுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நகைப்பர். இரு சாராரும் உண்மையைத் தேடும் சிரமத்தைத் தவிர்த்துக்கொள்கின்றனர் என்பதே என் குறை.

முதலிற் பழமை பேசுவோரை நோக்குவோம். பழைய சீன வைத்திய நூல்களிற் காதைப் பற்றிய குறிப்புகள் உண்டு, ஐயமில்லை. ஆனால் உடல் முழுவதையும் காது மடலிற் குறித்துக் காட்டும் படம் சீனத்திற் பிறந்ததன்று. 1950களில் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் வாழ்ந்த போல் நோஜியே என்ற வைத்தியர், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு நோவினால் வருந்திய நோயாளர் சிலருடைய காதுகளிற் சூட்டுத் தழும்பைக் கண்டார். நாட்டு வைத்தியம் செய்யும் பெண்மணி ஒருவரிடம் சூடு வைத்து நோ நீங்கப் பெற்றதாக அவர்கள் கூறினர். அவர் அதனை எள்ளி ஒதுக்கவுமில்லை, அப்படியே நம்பிவிடவுமில்லை. தாமே பரீட்சித்துப் பார்த்து, காது மடலானது தாயின் வயிற்றிலே தலைகீழாகக் கிடக்கும் குழந்தையை ஒத்தது என்ற உவமையைக் கொண்டு, சோணையிலே தலையும் அதற்கு மேலே முதுகெலும்பும் கால்களும் அமையுமாறு ஒரு படம் வகுத்தார். 1957ஆம் ஆண்டளவில் வெளியான அப்படம் பின்னரே சீனத்துக்குச் சென்றது. ஆகவே பழமையைக் காரணம் காட்டி இம்முறையை நம்பச் சொல்வோர், தம் தந்தையினும் இளைய ஒருவரைப் பாட்டனார் என்று வணங்குகின்றனர்.

கதை வளரும் விதத்துக்கு இன்னோர் உதாரணமும் உண்டு. 1971 யூலையில் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையாளர் ஜேம்ஸ் றெஸ்ரன் பீக்கிங் நகரிற் குடல்வால் அகற்றும் சத்திரசிகிச்சைக்கு ஆளானார். வழக்கமான மரப்பூசி மருந்தைக் கொண்டே அது செய்யப்பட்டது. பின்னர் வயிற்றில் ஏற்பட்ட உப்பிசத்துக்கும் உபாதைக்குமே முழங்கையிலும் முழங்காலின் கீழும் ஊசி குத்தினர். அவர் ஆறுதல் பெற்றதாக எழுதினார். காதில் அன்று, கைகால்களிலேயே குத்தினர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் எழுதியது இவ்வளவே. ஆனால் "மயக்க மருந்தின்றி, வெறும் ஊசியாலேயே அவருக்கு வயிறு கீறினார்கள்" என்று சொல்வோர் இன்றும் இருக்கின்றனர்.

இனி நகைப்போரை நோக்குவோம். காது மடல் உயிரற்ற தோல் மடிப்பன்று. கழுத்து நரம்புகளின் கிளையும், முகத்து நரம்பொன்றின் கிளையும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகசு நரம்பின் கிளையும் அங்கே வந்து கூடுகின்றன. 1975இல் மூளை தானே சுரக்கும் மோர்பீன் போன்ற பொருள்கள் கண்டறியப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே கனடாவில் பொமரான்ஸ் என்பவர், மோர்பீனின் வேலையை மறிக்கும் நலொக்சோன் என்ற மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது அக்குபங்சரால் விளைந்த நோத்தணிவும் மறைந்ததைக் காட்டினார். எனவே ஊசியால் உடலில் ஏதோ நிகழ்கிறது என்பது நகைப்புக்குரியதன்று. ஆனால் நோஜியேயின் படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் அவர் சொன்ன உறுப்புடன் இணைந்துள்ளது என்பதற்கு இது நிரூபணமாகாது. அவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும்.

அவ்வாறு பிரித்தறிய ஒரு வழி, நோயாளர் அறியாதவண்ணம் பாதிப்பேருக்கு உரிய புள்ளிகளிலும், மீதிப்பேருக்குக் காது விளிம்பிற் பொருளற்ற இடங்களிலும் குத்திப் பார்ப்பதாகும். ஜேர்மனியின் கிறைவ்ஸ்வால்ட் நகர வைத்தியர்கள் இதனைச் செய்தனர். 2005இல் வெளியான அவர்களது ஆய்வில், இடுப்பு மூட்டு மாற்றப்பட்டோர் தாமே பொத்தானை அழுத்தி மோர்பீன் இனத்து மருந்து பெறும் வசதி செய்யப்பட்டது. உரிய இடங்களிற் குத்தப்பட்டோர் மற்றவரிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவாகவே மருந்தை நாடினர். 2007இல், முழங்காலிற் சிறு சத்திரசிகிச்சை பெற்ற 120 பேரிடம் நடத்திய ஆய்வில் முதற்கூட்டத்தார் எடுத்த இபுபுரோபனின் நடுத்தர அளவு 200 மில்லிகிராம்; மற்றவரது 600. இரு கூட்டத்தாரும் சொன்ன நோவின் அளவு ஏறத்தாழ ஒன்றே. அந்த நிலையை அடைய ஒருவருக்கு ஒரு குளிசை போதியதாயிருக்க மற்றவருக்கு மூன்று வேண்டியிருந்தது. இது பெரிய அற்புதமன்று, ஆனால் அற்பமுமன்று.

மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். நோவைப் பற்றிய ஆராய்ச்சியிற் பெயர்பெற்ற மெல்சாக், கட்ஸ் என்பவருடன் சேர்ந்து 1984இல், நெடுநாள் நோவினால் வருந்திய 36 பேரின் காதுப் புள்ளிகளை மின்னாற் தூண்டிப் பார்த்து, அது போலிச் சிகிச்சையிலும் மேலானதன்று எனக் கண்டார். சத்திரசிகிச்சைக்குப் பின்வரும் சில நாள் நோவுக்கு உதவுவது நெடுநாள் நோவுக்கும் உதவும் என்று எண்ணுவது தவறு. காது அக்குபங்சர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை என்பதையும் மறைத்தலாகாது.

"எல்லாம் மனப்பிராந்தி" என்று சொல்வோருக்கும் ஒரு வார்த்தை. 1978இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர், பல் பிடுங்கப்பட்டோருக்குப் போலி மருந்து கொடுத்து, அதனால் வந்த ஆறுதலையும் நலொக்சோன் குலைப்பதைக் கண்டனர். நம்பிக்கையும் நரம்பின் வழியேதான் வேலை செய்கிறது. ஒரு தாதி நோயாளரின் அருகிருந்து, காதைத் தொட்டு, "எங்கே நோகிறது?" என்று கேட்கும் அந்தச் சில நிமிடங்களின் பயன் எவ்வளவு, ஊசியின் பயன் எவ்வளவு என்று துல்லியமாய்ப் பிரிப்பது எளிதன்று. ஆயினும் இது பொய் சொல்லி விற்பதற்கு அனுமதியாகாது.

இங்கேதான் என் கருத்தின் சாரம் இருக்கிறது. அக்குபங்சர் நம் நாட்டுக்குப் புதிதன்று. களுபோவில அரசாங்க வைத்தியசாலையில் டாக்டர் அன்ரன் ஜயசூரிய அதனை நடத்திவந்ததைப் பலர் அறிவர். ஊசி மலிவானது, கற்பிக்க எளிது. அந்த மலிவே ஆபத்தும் ஆகலாம். 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டினால் நம் நாட்டிற் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை மறந்துவிட முடியாது. அத்தகைய காலம் மீண்டும் வருமாயின், "மருந்து எதற்கு, காதூசி போதுமே" என்று சொல்ல ஒருவர் முன்வருவார். அவருடைய பேச்சிற் பழமைப் பெருமையும் இருக்கும், சிக்கனமும் இருக்கும். அதனை நாம் ஏற்கலாகாது. மேற்சொன்ன ஜேர்மன் ஆய்வுகளில் எந்த நோயாளரிடமிருந்தும் மருந்து பறிக்கப்படவில்லை. வேண்டிய மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அவர்களே குறைவாக எடுத்தனர். கொடுத்த பின் குறைவாக வேண்டப்படுவதும், கொடாமலே குறைத்துவிடுவதும் ஒன்றல்ல. காதூசி மருந்துக்குத் துணையாகலாம், பதிலாகக் கூடாது.

அவ்வாறு துணையாகக் கொள்வதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஊசி கிருமி நீக்கப்பட்டதாய், ஒருவருக்கு ஒருமுறையே பயன்படுவதாய் இருத்தல் வேண்டும்; காதுக் குருத்தெலும்பிற் கிருமி புகுந்தால் இலகுவில் ஆறாது. காய்ச்சல், காயத்திற் சீழ், கெண்டைக்காலில் வீக்கம் என்பவற்றுடன் நோ கூடுமாயின் அது எச்சரிக்கை. ஊசியால் அடக்க முயலாது வைத்தியரை அழைக்க வேண்டும். பயன் கிடைத்ததா என்பதை ஊசி குத்தியவர் அன்று, நோயாளரே சொல்ல வேண்டும்.

நோயாளர் சொல்வதற்குச் சொல் வேண்டும். மெல்சாக் 1975இல் நோவைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து ஒரு வினாத்தாள் அமைத்தார். நம்மிடமும் உளைவு, குத்து, கடுப்பு, எரிவு, இழுப்பு, விண்விண் என்று தெறித்தல் என எத்தனையோ சொற்கள் உண்டு. கிராமத்து மூதாட்டி ஒருவர் இவற்றைப் பிசகாமல் வேறுபடுத்திச் சொல்வார். கேட்பாரில்லாதபடியால் "நோகுது" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் அச்சொற்களைத் திரட்டி வைத்தியசாலைத் தாதியர் கைக்குக் கொடுத்தால் அது சிறிய தொண்டாகாது.

அடுத்த முறை நோயாளரைப் பார்க்கச் செல்லும்போது, "பொறுத்துக்கொள்ளுங்கோ" என்ற சொல்லை நாம் விட்டுவிடுவோம். "எப்படி நோகுது?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை இருந்து கேட்டு, அதனைத் தாதியிடம் சொல்லிவிட்டு வருவோம்.