நாற்றம் யாருடையது?

கூவம் நாறுகிறது, உண்மைதான். யாருடைய நாற்றம்? மாடிவீடும் ஓட்டலும் குழாய்வழி விட்ட சாக்கடை. ஆனால் கரையைச் சீரமைக்கிறோம் என்று வந்தால் அள்ளப்படுவது சாக்கடையல்ல, சனம்.

நேப்பியர் பாலத்தருகே, மந்திரியாயிருந்த நம் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரால் ஒரு நகர். 2019 டிசம்பரில், பள்ளிக்கூடம் நடக்கும்போதே இடிக்கத் தொடங்கினார்கள். சனத்தைச் சுமார் 25 கி.மீ. தள்ளிப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றவாம்! பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். 2023 டிசம்பர் புயலில் அங்கேயும் வெள்ளம்.

‘ஆக்கிரமிப்பாளர்’ என்கிறார்கள். பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டது யார்? கூவத்துக்குள்ளேயே துறைமுகம்-மதுரவாயல் சாலைக்குத் தூண் நட்டது யார்? அரசு நட்டால் வளர்ச்சி, நாம குடிசை போட்டா ஆக்கிரமிப்பா?

பெரும்பாக்கத்தில் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: “ஆத்த சுத்தம் பண்றோம்னாங்க தம்பி. ஆறு அப்படியேதான் கெடக்கு. நாங்கதான் அங்க இல்ல.”

கிராமத்தில் ஊருக்கு வெளியே சேரி. அதற்குத் தப்பித்தான் பட்டணம் வந்தோம். பட்டணமும் தனக்கு வெளியே சேரி கட்டிவிட்டது, எட்டு அடுக்கில்.

ஆறு சுத்தமாகட்டும், யார் வேண்டாமென்றது? முதலில் சாக்கடைக் குழாயை அடை. வீடு தருவதானால் வேலையும் பள்ளிக்கூடமும் இருக்கிற இடத்திலேயே கொடு. அதுவரை கரையை விட்டு நகரமாட்டோம்.