புயற் சேதமும் முன்னேற்பாடும்

காவேரி டெல்டாவில் பயிரிடுவோர்க்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் நம்பிக்கையும் அச்சமும் ஒருங்கே தருவன. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் வேதாரணியத்துக்கு அருகே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தது. வீழ்ந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அளிப்பதாக மாநில சர்க்கார் அறிவித்தனர். புதுக் கன்று காய்ப்புக்கு வரவோ ஐந்தாறு வருஷங்கள் செல்லும். அதுவரை குடும்பம் எதைக் கொண்டு ஜீவிப்பது?

நிவாரணம் அவசியமே, எனினும் அது இழந்த வருமானத்துக்கு ஈடாகாது. நஷ்டத்தைத் தாங்கும் சக்தியைப் புயலுக்கு முன்னரே தேடிக்கொள்ள வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். சிறு நஷ்டத்துக்குக் கூட்டுறவு வங்கியில் இட்ட சேமிப்பு. பெரு நஷ்டத்துக்குக் காப்பீடு. அதற்கும் மேற்பட்டதற்கே சர்க்கார் நிதி. இவ்வரிசை தவறினால், குடியானவர் வட்டிக்காரரின் வாயிலிலேயே நிற்க நேரும்.

2016 முதல் நடைபெறும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், சம்பா நெல்லுக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாயே. 30,000 ரூபாய்க்குக் கட்டணம் 450 ரூபாய். எஞ்சியதை மத்திய, மாநில சர்க்கார்கள் ஏற்கின்றன. 2020 முதல் பயிர்க்கடன் பெற்றோரும் விரும்பினால் இதனின்று விலகலாம். விலகுமுன் நன்கு ஆலோசித்தல் வேண்டும். தென்னை வைத்திருப்போர் தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீட்டைப் பற்றி விசாரித்தறிவாராக.

இழப்பீடு தாமதமாகின்றது என்றும், கிராமத்தின் சராசரி மகசூலைக் கொண்டு கணக்கிடுவதால் தனியொருவர் வயலின் நஷ்டம் மறைந்துபோகின்றது என்றும் குறை கூறுவோர் உளர். அக்குறைகளில் நியாயம் உண்டு. அவை திருத்தப்பட வேண்டும். ஆயினும் அவற்றைக் காரணங் காட்டிக் காப்பீடின்றி இருப்பது, வரப்பு பழுதென்று வயலையே தரிசாக விடுவதை ஒக்கும். மகசூலைக் கணிக்கும் அறுவடைச் சோதனை நடைபெறும் நாளில், விவசாயிகள் தாமே வயலுக்குச் சென்று கவனித்தல் நன்று.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. அடங்கலில் சர்வே நம்பரோ, பரப்போ, பயிரின் பெயரோ பிழைபடின், கட்டணம் செலுத்திய ஏழைக்கும் இழப்பீடு தடைப்படும். வயலை நேரிற் கண்டு எழுதிய கணக்கே மெய்யான கணக்கு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டோர், உழுபவரின் பெயர் பதிவாக இடையூறு செய்தலாகாது.

கடைசி நாள்வரை காத்திராமல், நடவு முடிந்தவுடன் அடங்கலைப் பெற்றுக் கட்டணத்தைச் செலுத்திவிடுக. வானம் கறுத்தபின் செய்யத்தக்கது சொற்பமே.